டெலிபோன் எண்ணை வைத்துப் பழைய பம்பாய்க் காகிதத்துக்கு வயது கணிப்பது எப்படி

மாடுங்கா, சயான், செம்பூர், டோம்பிவிலி வீடுகளில் பரணை ஒழிக்கும்போது வருஷம் போடாத காகிதங்கள் நிறையக் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகை, பாத்திரக்கடை பில், சபா விழா மலரிலிருந்து கிழிந்து வந்த விளம்பரப் பக்கம், ஆபீஸ் லெட்டர்ஹெட். நாளும் மாதமும் இருக்கும், வருஷம் இருக்காது. இருந்தாலும் அந்த மூலையைத்தான் கரையான் தின்றிருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு டெலிபோன் எண் இருக்கும். மும்பை எண்களுக்கு நூற்று நாற்பது ஆண்டுக் கதை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் காகிதத்தின் காலத்தைப் பல சமயம் பத்தாண்டுக்குள்ளும், சில சமயம் ஒரே நாளுக்கும் கொண்டுவந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண் தனியாக வருஷம் சொல்லாது. இரண்டு வேலிகளைத்தான் போடும். "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்பது முதல் வேலி. அது பலமானது. "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்பது இரண்டாவது. அது எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். எண் மாறிவிட்டது என்பதற்காக அச்சடித்து வைத்த பில் புத்தகங்களை எந்தக் கடைக்காரரும் தூக்கி எறிய மாட்டார். தீரும்வரை அதில்தான் பில் போடுவார்.

எண்ணை உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள்

காகிதத்தில் இருக்கும் எல்லா எண்களையும், நடுவிலுள்ள இடைவெளி, கோடு, எழுத்துக்குறி எதையும் விடாமல் தாளில் எழுதுங்கள். "47 1231" வேறு, "471-231" வேறு. இடைவெளி எங்கே விழுகிறது என்பதே ஒரு தடயம். ஏழு இலக்க எண்ணை முதல் மூன்று, கடைசி நான்கு என்று பிரித்து அச்சடிப்பதுதான் வழக்கம், ஏனென்றால் முதல் மூன்றும் எக்ஸ்சேஞ்சைக் குறிப்பவை.

அடித்துத் திருத்திய எண், மேலே ஒட்டிய சிறு லேபிள், ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அதிர்ஷ்டம். கீழே இருக்கும் எண் அச்சடித்த காலத்தையும், மேலே இருக்கும் எண் பயன்படுத்திய காலத்தையும் சொல்லும். லேபிளைப் பிய்க்க வேண்டாம். காகிதத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடியில் இருக்கும் இலக்கங்கள் தெரியும். அட்டை தடிமனாக இருந்தால் பின்பக்கம் விரலை ஓட்டுங்கள். ஈய எழுத்தில் அச்சடித்தது பின்னால் மேடாகத் தட்டுப்படும், ஆஃப்செட்டில் அடித்தது வழவழவென்று இருக்கும். மேடாக இருந்தால் பழசு என்று சட்டென்று முடிவு கட்டிவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகங்கள் ஈய எழுத்தை வெகுகாலம் விடவில்லை.

"3 லைன்கள்" என்று போட்டிருந்தால் அடுத்தடுத்த மூன்று எண்கள் என்று பொருள். முதல் எண்ணைச் சுழற்றினால் போதும், அது பேச்சில் இருந்தால் இயந்திரம் தானே அடுத்ததுக்குப் போகும். டைரக்டரியில் தேடும்போது முதல் எண்ணையே தேடுங்கள்.

இலக்கங்களை எண்ணுங்கள்

பம்பாய் எண் ஐந்து இலக்கம் என்றால் சுதந்திரத்தை ஒட்டிய காலம், அதாவது அதற்கு முன்னும் பின்னுமாகச் சில ஆண்டுகள். ஆறு இலக்கம் என்றால் 1960-கள், 70-கள், 80-களின் பெரும்பகுதி. ஏழு இலக்கம் 1980-களின் பிற்பாதியில் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சாக வந்து 1990-களில் ஊர் முழுக்க நிலைத்தது. எட்டு இலக்கம் 2002-லிருந்து.

இதில் கூர்மையான வேலி கடைசியாகச் சொன்னதுதான். 2002-ல் மும்பையின் அரசு டெலிபோன் நிறுவனமான எம்டிஎன்எல்லின் எல்லா எண்களுக்கும் முன்னால் 2 சேர்த்தார்கள். அன்றுவரை 409 என்று தொடங்கிய மாடுங்கா எண் 2409 ஆனது. ஆகவே எட்டு இலக்க எண்ணைப் பார்த்தால் 2002-க்கு முன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முன்னால் உள்ள 2-ஐ நீக்கினால் அதே வீட்டின் 1990-கள் எண் கையில் வந்துவிடும். பழைய விழா மலரில் அதே விளம்பரத்தைத் தேட இது உதவும்.

ஏழிலிருந்து ஆறுக்குப் போக இப்படி ஒரு சூத்திரம் கிடையாது. அந்த மாற்றம் முன்னால் ஓர் இலக்கம் ஒட்டிய மாற்றமல்ல. பழைய சுழல் இயந்திரத்தை எடுத்துவிட்டு மின்னணு எக்ஸ்சேஞ்ச் வைத்தபோது தொடக்க இலக்கங்களே புதிதாயின. கடைசி நான்கு பல இடங்களில் அப்படியே தங்கியது, சில இடங்களில் அதுவும் மாறியது. கடைசி நான்கு ஒத்துப்போனால் அதைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால் வேறு கடை என்று முடிவு கட்ட வேண்டாம்.

0-விலோ 1-லோ தொடங்கும் எண்ணைக் கண்டால் அது சந்தாதாரர் எண் அல்ல. 0 வெளியூருக்கு, 1 சேவைகளுக்கு: டிரங்க் புக்கிங் 180, எண் விசாரணை 197, புகார் 198. ரிசீவர் கொக்கி ஒருமுறை ஆடினாலே இயந்திரம் அதை 1 என்று எண்ணிவிடும் என்பதால் ஆரம்பத்திலிருந்தே 1-ஐ ஊரெண்களுக்கு ஒதுக்கவில்லை. அப்படி ஓர் எண் தெரிந்தால் மங்கிய 7-ஐ 1 என்று படித்திருப்பீர்கள், அல்லது அது எக்ஸ்டென்ஷன்.

எண்ணுக்கும் இடத்துக்கும் உள்ள உறவு

ஸ்ட்ரோஜர் எனப்படும் பழைய சுழல் இயந்திர எக்ஸ்சேஞ்சில் நீங்கள் 4 சுழற்றினால் நான்கு துடிப்பு போகும்; ஒரு செலக்டரின் கை நான்கு படி ஏறி, அந்தத் தட்டில் காலியான வழியைத் தேடி நிற்கும். அடுத்த இலக்கத்துக்கு அடுத்த செலக்டர். கடைசி இரண்டு இலக்கத்தையும் ஒரே கருவி வாங்கிக்கொள்ளும், ஒன்றுக்கு ஏறும், மற்றதற்குத் திரும்பும். அந்தக் கருவி ஒன்றுக்கு நூறு வீடு. எண் என்பது அந்த இரும்புக் கைகள் போக வேண்டிய பாதையே. ஆகவே வீடு மாறி வேறு எக்ஸ்சேஞ்ச் எல்லைக்குப் போனால் எண்ணைக் கூட எடுத்துப் போக முடியாது. இதனால்தான் எண்ணைப் பார்த்து பேட்டையைச் சொல்ல முடிகிறது.

1990-களின் ஏழு இலக்க எண்களுக்கு வரைபடம் இது (எட்டு இலக்கமானால் முன்னால் 2 சேர்த்துப் படியுங்கள்). 2-ல் தொடங்கினால் கொலாபா, சர்ச்கேட், கோட்டை. 3 என்றால் மலபார் ஹில், கிர்காம், மாண்ட்வி, பைகுல்லா பக்கம். 4 தான் நம் ஆட்களின், அதாவது பம்பாய்த் தமிழர்களின், காகிதங்களில் அதிகம் வருவது: தாதர், மாடுங்கா, சயான், மாஹிம், வொர்லி. அதற்குள்ளும் 401, 402, 409 மாடுங்கா பக்கம், 407 சயான், கிங்ஸ் சர்க்கிள், 444 முதல் 446 வரை மாஹிம், 493 வொர்லி. 5 என்றால் செம்பூர், காட்கோபர், முலுண்ட், தாணே. செம்பூருக்கு 522, 528. முலுண்டுக்கு 56-ல் தொடங்குபவை. 6 என்றால் பாந்த்ராவிலிருந்து அந்தேரி மேற்குவரை. 7 நவி மும்பை, 8 கோரேகாவ், மலாட், போரிவிலி. அந்தேரி கிழக்குக்கும் 83 என்று தொடங்கும் எண்கள் உண்டு.

இந்த வரைபடத்தை ஆறு இலக்கக் காலத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். தீவுக்குள், அதாவது மாஹிம், சயானுக்குத் தெற்கே, ஓரளவு பொருந்தும். புறநகரில் பொருந்தாது. மேற்குப் புறநகரில் அப்போது 5-ல் தொடங்கிய எண்களும் இருந்தன. ஆறு இலக்க 5-ஐப் பார்த்ததும் செம்பூர் என்று எழுதிவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை.

டோம்பிவிலி, கல்யாண் இந்தக் கணக்கிலேயே வராது. அவை எம்டிஎன்எல் எல்லைக்கு வெளியே, 0251 குறியீடு கொண்ட தனி ஊர்கள். வசை, விரார் 0250.

தனியார் கம்பெனி வந்தபின் எட்டு இலக்க எண்ணின் முதல் இலக்கம் பேட்டையைச் சொல்வதை விட்டுவிட்டு கம்பெனியைச் சொல்லத் தொடங்கியது. 2 எம்டிஎன்எல், 3 ரிலையன்ஸ், 4 ஏர்டெல், 6 டாட்டா. டாட்டாவின் எண்கள் முதலில் 5-ல் தொடங்கிப் பிறகு 6 ஆயின. தாஜ் மஹால் ஹோட்டல் இதற்கு நல்ல உதாரணம். 1980, 90-களின் பயணக் கையேடுகளில் அதன் எண் 202 3366. 2005-ஐ ஒட்டிய கையேடுகளில் 5665 3366, பிறகு 6665 3366. கம்பெனி மாறினாலும் பெரிய நிறுவனங்கள் கடைசி நான்கைக் கேட்டு வாங்கிக்கொண்டன. ஆக 5665-ல் தொடங்கும் எண் ஒரு விளம்பரத்தில் இருந்தால், சில ஆண்டு இடைவெளிக்குள் காகிதத்தை அடைத்துவிடலாம்.

பில்லின் தலைப்பும் மூன்று கட்டடங்களும்

கையில் இருப்பது டெலிபோன் பில்லாகவோ டெபாசிட் ரசீதாகவோ இருந்தால் எண்ணைவிடத் தலைப்பு பெரிய சாட்சி. ஊருக்கு டெலிபோன் வந்தது 1882-ல். அதற்கு இரண்டு வருஷம் முன் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனியும் ஆங்கிலோ இந்தியன் டெலிபோன் கம்பெனியும் அனுமதி கேட்டபோது, இது அரசே செய்ய வேண்டிய காரியம் என்று இந்திய அரசு மறுத்தது. 1881-ல் மனம் மாறி இங்கிலாந்தின் ஓரியண்டல் கம்பெனிக்குக் கல்கத்தா, பம்பாய், மதராஸ், அகமதாபாத்துக்கு உரிமம் கொடுத்தது. 1882 ஜனவரி 28 அன்று மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் எக்ஸ்சேஞ்ச் திறந்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு உருவான பம்பாய் டெலிபோன் கம்பெனி அறுபது ஆண்டு இந்த ஊரை நடத்தியது. 1943-ல் அரசு அதை வாங்கிக்கொண்டது. கல்கத்தா, மதராஸ் கம்பெனிகளுக்கும் அதே சமயம் அதே முடிவு.

ஆகவே தலைப்பில் "கம்பெனி" என்ற சொல் இருந்தால் 1943-க்கு முன். "பம்பாய் டெலிபோன்ஸ்", தபால் தந்தி இலாகா என்று இருந்தால் 1943 முதல் 1985 வரை. 1985-ல் தபாலும் தொலைத்தொடர்பும் பிரிந்தன. தொலைத்தொடர்புத் துறை என்ற பெயர் மட்டும் தாங்கிய பம்பாய்க் காகிதம் ஓராண்டு அளவுக்கே வரும், அதனால் அபூர்வம். 1986 பிப்ரவரி 28 அன்று பதிவாகி ஏப்ரல் 1 முதல் டில்லியையும் பம்பாயையும் ஏற்றுக்கொண்டது மகாநகர் டெலிபோன் நிகாம், அதாவது எம்டிஎன்எல். அந்தப் பெயர் இருந்தால் 1986 ஏப்ரலுக்குப் பின் என்பதில் சந்தேகமே வேண்டாம். பழைய தலைப்புத் தாளை அரசு அலுவலகமும் தீர்த்துவிட்டுத்தான் புதியதைத் தொடும் என்பதால் எதிர்ப்பக்கம் சில மாதம் தளர்வு கொடுங்கள்.

பழைய புகைப்படங்களுக்குப் பெயரிடும்போது மூன்று கட்டடங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரபாதேவியில் வீர சாவர்க்கர் மார்க்கில் நிற்கும் பல மாடி டெலிபோன் ஹவுஸ்தான் எம்டிஎன்எல்லின் மும்பைத் தலைமையகம். முகவரியில் தாதர் மேற்கு, 400 028 என்று இருக்கும். அந்தச் சாலைக்கு முன்பு கேடல் ரோடு என்று பெயர். பழைய கடிதங்களில் அப்படித்தான் இருக்கும். நிறுவனத்தின் கார்ப்பரேட் அலுவலகம் டில்லியில் என்பதால், டில்லி முகவரி கண்டு காகிதமே டில்லியுடையது என்று எண்ண வேண்டாம். இரண்டாவது, ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கத்துக் கல் கட்டடம், மத்தியத் தந்தி அலுவலகம். அது தந்திக்குரியது. மூன்றாவது, கோட்டையில் மகாத்மா காந்தி ரோட்டில் உள்ள விதேஷ் சஞ்சார் பவன். வெளிநாட்டு அழைப்புகளை நடத்திய விஎஸ்என்எல்லின் இடம்; எம்டிஎன்எல் ஏற்ற அதே 1986 ஏப்ரல் 1 அன்று இந்த நிறுவனமும் பிறந்தது. அப்பா "டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தார்" என்று வீட்டில் சொன்னால், மூன்றில் எது என்று சம்பளச் சீட்டைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். மூன்றும் வேறு வேறு நிர்வாகம்.

சுற்றியுள்ள குறிகள்

எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பி.பி." என்று இருந்தால் அது அந்த வீட்டின் போனே அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் அல்லது கீழே உள்ள கடை கூப்பிட்டுத் தரும் போன். காலத்தைக் கணிக்க இது பயன்படும், ஆளைக் கண்டுபிடிக்க உதவாது. டைரக்டரியில் அந்த எண்ணைத் தேடினால் சம்பந்தமில்லாத ஒரு பெயர் வரும். போனுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தின் குறி அது. சாலில் (ஒற்றை அறைகள் வரிசையாக உள்ள குடியிருப்பில்) ஒரு போன் இருந்தால் அந்த மாடி முழுவதின் பத்திரிகைகளிலும் அதே எண் இருக்கும். ஒரே பி.பி. எண் கொண்ட இரண்டு பத்திரிகை கிடைத்தால் இரண்டு குடும்பமும் ஒரே கட்டடம் என்று தைரியமாக எழுதலாம்.

"டெலெக்ஸ்: 011-" என்று தொடங்கும் எண்ணிடம் ஜாக்கிரதை. டில்லியின் எஸ்டிடி குறியீடும் 011 என்பதால் டில்லிக் கம்பெனி என்று எழுதிவிடுவார்கள். டெலெக்ஸில் 011 பம்பாய், 041 மதராஸ். டெலெக்ஸ் எண் இருந்தால் 1960-களுக்கு முன் போகாது. அதற்குப் பக்கத்தில் ஃபேக்ஸும் இருந்தால் 1980-களின் இறுதி, 90-களின் தொடக்கம். "கிராம்ஸ்" என்ற தந்தி முகவரியைப் பெரிதாக நம்ப வேண்டாம். யாரும் தந்தி அடிக்காத காலத்திலும் பழக்கத்துக்காக அதை அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். தந்திச் சேவை நின்றதே 2013 ஜூலையில்தான்.

95 என்ற முன்னொட்டு அருமையான தடயம். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மாநிலத்துக்குள் அழைக்க 0-க்குப் பதிலாக 95 போட்டார்கள். மும்பையிலிருந்து டோம்பிவிலிக்கு 95251, புனேயிலிருந்து மும்பைக்கு 9522. பத்தாண்டு முடிவதற்குள் அது போய்விட்டது. டோம்பிவிலி வீட்டுப் பத்திரிகையில் 95251 இருந்தால் காலம் ஏறக்குறைய அகப்பட்ட மாதிரிதான்.

மொபைல் பம்பாய்க்கு வந்தது 1995-ல். 9820 மேக்ஸ் டச்சாகத் தொடங்கி ஆரஞ்சு, ஹட்ச், வோடஃபோன் என்று பெயர் மாறிய கம்பெனி. 9821 பிபிஎல், பிறகு லூப். 9869 எம்டிஎன்எல்லின் டால்ஃபின், 2001-லிருந்து. 9892 ஏர்டெல், அதுவும் 2000-க்குப் பிறகே. 8-லும் 7-லும் தொடங்கும் மொபைல் எண்கள் 2010-ஐ ஒட்டியவை. 2011 ஜனவரியிலிருந்து எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்று ஆனதால், அதன்பின் தொடக்க இலக்கம் கம்பெனியைக் காட்டாது, எண் முதலில் வழங்கப்பட்ட காலத்தை மட்டும் காட்டும்.

எண்ணுக்கு அப்பால் உள்ள சாட்சிகள்

எண் போட்ட இரண்டு வேலிக்கும் நடுவை நெருக்க மற்றவற்றைக் கூப்பிடுங்கள். முதலாவது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் "பம்பாய்-19" என்றிருந்தது, பிறகு "பம்பாய் 400 019" ஆனது. மாடுங்காவுக்கு 19, சயானுக்கு 22, தாராவிக்கு 17. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின் என்பது உறுதி. வெறும் "பம்பாய்-19" இருந்தால் முன் என்பது உறுதியல்ல. பல பேர் இன்றைக்கும் "மும்பை-19" என்றே எழுதுகிறார்கள்.

ஊர்ப் பெயர் 1995-ல் மும்பை ஆனது. நம் ஆட்கள் பேச்சில் இன்றும் பம்பாய்தான், அதனால் "பம்பாய்" என்று இருப்பது எதையும் நிரூபிக்காது. "மும்பை" என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தால் மட்டும் கவனியுங்கள். தமிழிலும் மராத்தியிலும் அதற்கு முன்பே மும்பை என்று எழுதியவர்கள் உண்டு. ரயில் வழி சொல்லும் வரியில் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) என்று இருந்தால் அதையும் இப்படியே பாருங்கள். அதே நிலையத்தின் புதுப் பெயரான சி.எஸ்.டி. என்றால் 1996-க்குப் பின், நடுவில் எம் சேர்ந்தால் 2017-க்குப் பின்.

கடை பில்லில் விலை சாட்சி. அணா என்றால் 1957-க்கு முன் அல்லது அதை ஒட்டி. நயா பைசா என்றால் 1957 முதல் 1964 வரை. பில்லின் மூலையில் வரி எண் இருக்கும். பம்பாய் விற்பனை வரி என்றால் 2005 ஏப்ரலுக்கு முன். 27-ல் தொடங்கும் டின் எண் (வாட் வரிப் பதிவு எண்) என்றால் 2005-லிருந்து 2017 ஜூன் வரை. ஜிஎஸ்டி எண் என்றால் 2017 ஜூலைக்குப் பின். அதுவும் 27-லேயே தொடங்கும், ஆனால் பதினைந்து எழுத்து நீளம் இருக்கும்.

கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு வசதி நமக்கு உண்டு: தமிழ் வருஷம். சுபானு, தாரண, பார்த்திப என்று பெயர் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதுதான் ஒரே சிக்கல், அதை டெலிபோன் எண் நொடியில் தீர்த்துவிடும். பிரபவ என்றால் 1927 அல்லது 1987. ஏழு இலக்கம் இருந்தால் 1987 தவிர வேறில்லை. சித்திரையில் தொடங்கும் வருஷம் என்பதால் தை, மாசி, பங்குனிக் கல்யாணத்துக்கு அடுத்த ஆங்கில வருஷத்தை எடுக்க மறக்காதீர்கள். பிரபவ தையில் நடந்தால் 1988.

இரண்டு காகிதம், போட்டுப் பார்ப்போம்

பயிற்சிக்காக ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். மாடுங்கா பாத்திரக்கடை. அச்சில் ஆறு இலக்க எண், அதை அடித்துவிட்டு மேலே ஊதா ரப்பர் ஸ்டாம்பில் 409 என்று தொடங்கும் ஏழு இலக்கம். முகவரியில் "பம்பாய் 400 019". தேதி 12/3, வருஷம் இல்லை. பின்கோடு 1972-க்குப் பின் தள்ளுகிறது. அச்சு எண்ணால் பில் புத்தகம் அடித்தது எண் மாறுவதற்கு முன். ஸ்டாம்பால் பில் போட்டது எண் மாறிய பிறகு. எட்டு இலக்கம் இல்லை, மொபைல் இல்லை. ஆக 1980-களின் இறுதி, அல்லது 90-களின் முதல் ஓரிரு வருஷம். ஆண்டுக்கணக்கில் பழைய புத்தகத்தை ஓட்டும் கடை எனத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம். பில் வரிசை எண் சிறியதா பெரியதா என்பது அதற்கு உதவும்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. மேல்விளிம்பு கிழிந்து தமிழ் வருஷம் போய்விட்டது. "செப்டம்பர் 1 திங்கட்கிழமை" மட்டும் நிற்கிறது. கீழே சயான் எண் 2407 என்று தொடங்குகிறது, மாமா வீட்டு டோம்பிவிலி எண் 95251. இந்தக் காலத்தை ஒட்டி செப்டம்பர் 1 திங்களில் விழுந்த வருஷங்கள் 1997, 2003, 2008, 2014. எட்டு இலக்கம் 1997-ஐ வெட்டிவிடுகிறது, 95 என்ற முன்னொட்டு 2014-ஐ வெட்டிவிடுகிறது. மிச்சம் 2003-ம் 2008-ம். இங்கே கிழிசலை மறுபடி பாருங்கள். வருஷப் பெயரின் கடைசி எழுத்து "னு" என்று தெரிந்தால் சுபானு, 2003. "ரி" என்று தெரிந்தால் சர்வதாரி, 2008. அதுவும் இல்லையென்றால் இரண்டையும் எழுதி வையுங்கள். இரண்டும் வளர்பிறைதான், ஆனால் 2003-ல் அன்று பஞ்சமி, 2008-ல் துவிதியை என்பது பஞ்சாங்கத்தில் தெரியும்; பத்திரிகையில் திதி கிழியாமல் தப்பியிருந்தால் அதுவே முடித்துவைக்கும்.

டைரக்டரியில் தேடும்போது

ஆறு இலக்க எண்ணுக்கு நேர் ஆதாரம் வேண்டுமென்றால் பழைய டைரக்டரிதான் வழி. டெலிபோன் டைரக்டரி கிடைக்காத காலத்துக்கு டாக்கர்ஸ் டைரக்டரி, டைம்ஸ் ஆஃப் இந்தியா டைரக்டரி ஆகிய வணிகக் கையேடுகள் கைகொடுக்கும். டவுன் ஹாலில் உள்ள ஏஷியாட்டிக் சொசைட்டி நூலகத்திலும், எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்திலுள்ள மகாராஷ்டிர ஆவணக் காப்பகத்திலும் விசாரியுங்கள். ரத்தி (பழைய பேப்பர்) கடைகளிலும் சோர் பஜாரிலும் தனிப் பிரதிகள் தலைகாட்டும். சபா விழா மலர்களை மட்டும் குறைவாக மதிப்பிடாதீர்கள். சண்முகானந்தா போன்ற சபைகளின் மலர்களில் வருஷம் அட்டையிலேயே இருக்கும், உள்ளே நம் கடைகளின் எண்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு பேட்டையின் எண் எப்போது ஆறிலிருந்து ஏழானது என்பதை இரண்டு அடுத்தடுத்த ஆண்டு மலர்களை வைத்தே பிடித்துவிடலாம்.

டைரக்டரியில் நம் பெயர்களைத் தேடுவது தனிக் கலை. பம்பாய் டைரக்டரி குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும்; நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கே. எஸ். வெங்கட்ராமன் என்பவர் வெங்கட்ராமன் என்ற இடத்தில் இருக்கலாம், ஐயர் என்ற இடத்தில் இருக்கலாம். அப்பா பெயரைக் கடைசியில் போட்டு சுப்ரமணியன் என்ற இடத்திலும் இருக்கலாம். ஊர்ப் பெயரைக் கொடுத்திருந்தால் அங்கேயும் இருக்கலாம். நாலு இடத்திலும் பாருங்கள். ஆங்கில எழுத்தில் வி-க்குப் பதில் டபிள்யூ, டி-க்குப் பதில் டிஎச் போட்டவர்களும் உண்டு. பெயர் அகப்படாவிட்டால் கட்டடப் பெயரை வைத்துக் கண்ணை ஓட்டுங்கள். தாத்தாக்கள் பெயரை ஏழு விதமாக எழுதினாலும் கட்டடப் பெயரை மாற்றியதில்லை.

கிடைத்த முடிவைக் காகிதத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலில் எழுதுங்கள், பேனா கூடாது. ஒரே வருஷமாக எழுதாமல் இரண்டு வேலியையும் காரணத்தோடு எழுதுங்கள்: "1972-க்குப் பின், பின்கோடு, 2002-க்கு முன், ஏழு இலக்கம்". லேமினேஷன் வேண்டவே வேண்டாம், லேபிளுக்கு அடியில் இருப்பதை அதன்பின் யாரும் பார்க்க முடியாது. 600 டிபிஐயில் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டாம்ப் மங்கியிருந்தால் பக்கவாட்டில் விளக்கு வைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து வரும் அடுத்த காகிதத்தில் அதே எண் வேறு இலக்கக் கணக்கில் இருந்தால், முதல் காகிதத்தின் வேலிகளையும் அழித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள்.